வாசல் வரை வரும் பல்கலைக்கழகம்: யூட்டாவின் பாலினேசிய வீரர்களின் வரலாறு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகர் சால்ட் லேக். அந்த நகரத்தின் மேற்குப் பக்கம் கிளென்டேல், ரோஸ் பார்க் என்ற குடியிருப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் வெஸ்ட் வேலி சிட்டி. பசிபிக் பெருங்கடலின் டோங்கா, சமோவா தீவுகளிலிருந்து வந்த உழைக்கும் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள் இவை. நகரத்தின் கிழக்குப் பக்கம், மலைச்சரிவின் மேல், யூட்டா பல்கலைக்கழகம் நிற்கிறது. நடுவில் ரயில் பாதையும் பெரிய நெடுஞ்சாலையும் ஓடுகின்றன. தூரம் சில மைல்கள்தான். ஆனாலும் மேற்கில் பிறந்த ஒரு பையனைத் தேடி கிழக்கிலிருந்து பல்கலைக்கழகமே வாசல் வரை வருவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான்: கால்பந்து.

நாம் தெருவில் ஆடும் கால்பந்து வேறு. இது நீள்வட்டப் பந்தும் தலைக்கவசமும் உள்ள, ஆளை ஆள் மோதித் தள்ளும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே கல்லூரிக் கால்பந்து ஒரு பெருந்தொழில். தொலைக்காட்சி ஒப்பந்தங்களால் கோடிக்கணக்கான டாலர் புரள்கிறது. பெரிய அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள் பலர் ஆண்டுக்கு மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள். முதல் நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை தரலாம் என்பது நீண்ட காலம் விதியாக இருந்தது. படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடங்கும். அந்த இடங்களை நிரப்பப் பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் 'ரெக்ரூட்டிங்' என்று பெயர். பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து அம்மா அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவார், தாத்தா பாட்டியின் நலம் விசாரிப்பார்.

பாலினேசியர்களுக்கு இந்த வரவேற்பு எப்படி வந்தது? 2010ல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி ஒரு கணக்குச் சொன்னது. சமோவாப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பையன் தொழில்முறைக் கால்பந்துக்குப் போகும் வாய்ப்பு, மற்ற அமெரிக்கப் பையன்களைவிட 56 மடங்கு அதிகம் என்றது. இப்படி ஒரு கணக்கு வந்தவுடன் கூடவே ஒரு விளக்கமும் வந்துவிடும். அவர்கள் பிறவியிலேயே பலசாலிகள், போர்வீரர் பரம்பரை, மோதுவது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று. தோழர்களே, பிறப்பைக் காட்டி ஒருவருடைய வேலையை யாராவது விளக்கினால் நாம் உடனே உஷாராக வேண்டும். இந்த வரலாற்றில் ரத்தத்தைவிட அதிகம் பேசவேண்டியது மதச்சபை, கரும்புத் தோட்டம், கடற்படை, குடியுரிமைச் சட்டம் ஆகிய நான்கைப் பற்றித்தான்.

1889: ஒரே ஆண்டு, இரண்டு முடிவுகள்

யூட்டாவை உருவாக்கியவர்கள் மார்மன் சபையினர். 1850ல் அவர்களுடைய மிஷனரிகள் ஹவாய் தீவுகளுக்குப் போனார்கள். 1888ல் சமோவாவுக்கும் 1891ல் டோங்காவுக்கும் போனார்கள். தீவு மக்கள் தங்கள் வேதநூலில் வரும் லேஹி என்பவரின் வழித்தோன்றல்கள் என்று சபை நம்பியது. அதனால் அவர்கள் சபைக்குள் எளிதாகச் சேர்க்கப்பட்டார்கள். 1865ல் ஹவாயின் ஓவாஹூ தீவில் லாயியே என்ற இடத்தில் சபை சுமார் 6,000 ஏக்கர் நிலத்தை வாங்கியது. அது கரும்புத் தோட்டமாகவும் விசுவாசிகளின் ஊராகவும் ஆனது.

மதம் மாறிய ஹவாய் மக்களில் சிலர் தங்கள் சபையின் தலைநகருக்கே வர விரும்பி சால்ட் லேக் நகரத்தில் குடியேறினார்கள். ஒரே சபை, ஒரே வேதம், ஆனால் அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் அவர்களோடு கலந்து வாழ விரும்பவில்லை. 1889 ஆகஸ்டில் நகரத்துக்கு மேற்கே 100 கிலோமீட்டருக்கும் அதிக தூரத்தில், ஸ்கல் வேலி என்ற வறண்ட பள்ளத்தாக்கில் அவர்களுக்கென்று தனி ஊர் ஏற்படுத்தப்பட்டது. பெயர் இயோசெபா. ஹவாய் மொழியில் ஜோசப் என்று பொருள். 15 வயதில் ஹவாய்க்கு மிஷனரியாகப் போன சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித்தின் பெயர் அது. அந்த நிலமோ கோஷூட் பழங்குடியினரின் பூர்வீக நிலம். ஒரு பூர்வகுடியின் மண்ணில் இன்னொரு பூர்வகுடியை ஊருக்கு வெளியே குடிவைத்தார்கள். ஊருக்கு வெளியே என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி தேவையில்லை.

அதே 1889ல் யூட்டா உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கனாக்கா நியன் என்ற ஹவாய்க்காரர் அமெரிக்கக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். அன்றைய சட்டப்படி வந்தேறிகளில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான் குடியுரிமை பெறலாம். இவர் இரண்டு பிரிவிலும் இல்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இந்தச் சட்டத்தின் கதையில் நம் ஊர்ச் சாதியும் வருகிறது. 1923ல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியர் இதே குடியுரிமைக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். தான் உயர்சாதி, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையர் என்று வாதாடினார். தோற்றார். நிறவெறிச் சட்டத்தை எதிர்க்காமல், சாதியைச் சான்றிதழாகக் காட்டி அதற்குள் நுழையப் பார்த்த வழக்கு அது. கனாக்கா நியனிடம் காட்ட அப்படி ஒரு சான்றிதழும் கிடையாது.

இயோசெபாவில் 200க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். பாலைவனக் குளிரில் பயிர் வைத்தார்கள், மரம் நட்டார்கள், தெரு அமைத்தார்கள். லாயியேவில் சபை கோயில் கட்டப்போகிறது என்ற அறிவிப்பு 1915ல் வந்ததும் பலர் திரும்பத் தொடங்கினார்கள். 1917ல் ஊர் காலியானது. கல்லறைத் தோட்டம் மட்டும் மிஞ்சியது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில், நினைவு நாள் விடுமுறையில், யூட்டாவின் பாலினேசியக் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. கல்லறைகளைச் சுத்தம் செய்து, சமைத்துச் சாப்பிட்டு, பாடி ஆடிவிட்டு வருகிறார்கள்.

தோட்டமும் கடற்படையும்

கால்பந்து தீவுகளுக்கு வந்த பாதை அமெரிக்க ஆட்சி வந்த பாதைதான். 1900 ஏப்ரலில் கிழக்குச் சமோவா அமெரிக்கக் கொடியின் கீழ் வந்தது. 1951 வரை அதை ஆண்டது அமெரிக்கக் கடற்படை. பாகோ பாகோ துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருந்தவரை அங்கே கூலி வேலை இருந்தது. 1951ல் தளம் மூடப்பட்டதும் வேலை போனது. 1952ல் ஒரே கப்பலில் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஹவாய்க்குப் போனார்கள். பிறகு கலிபோர்னியாவின் சான் டியேகோ, லாங் பீச், கார்சன் என்று கடற்படைத் தளங்களைச் சுற்றிச் சமோவாக் குடியிருப்புகள் வளர்ந்தன. அந்தக் குடியிருப்புகளின் பள்ளிகளில்தான் பிள்ளைகள் கால்பந்து கற்றார்கள்.

ஹவாயின் லாயியேவுக்குப் பக்கத்து ஊர் கஹூக்கு. சர்க்கரை ஆலை ஊர். தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், ஹவாயர், சமோவர், டோங்கர், பிலிப்பினோ, ஜப்பானியர் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தார்கள், ஒரே திடலில் ஆடினார்கள். லாயியேவில் வளர்ந்த ஃபமிகா அனாயே 1950களில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடப் போனார். பிஒய்யூ என்று சுருக்கி அழைக்கப்படும் இந்தப் பல்கலைக்கழகம் மார்மன் சபைக்குச் சொந்தமானது, யூட்டாவின் புரோவோ நகரில் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அனாயே கஹூக்குப் பள்ளியின் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 1971ல் சர்க்கரை ஆலை மூடப்பட்டது. ஆலை போனபின் ஊருக்கு மிஞ்சிய பெருமை அந்தப் பள்ளி அணி.

1963ல் லாயியேவில் 'பாலினேசியப் பண்பாட்டு மையம்' என்ற சுற்றுலாத் தலத்தைச் சபை திறந்தது. அங்குள்ள சபைக் கல்லூரியின் மாணவர்கள் மாலையில் சுற்றுலாப் பயணிகள் முன் ஆடிப் பாடி, அந்த வருமானத்தில் படித்தார்கள். படிப்புக்கு ஈடாக உடலைக் காட்சிக்கு வைக்கும் ஏற்பாடு திடலில் மட்டுமல்ல, மேடையிலும் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் சமோவர் ஆல் லோலோடாய். 1945ல் வாஷிங்டன் அணிக்காக ஆடினார். அவர் அதற்கு முன் படித்தது யூட்டாவின் ஆக்டன் நகரில் உள்ள வெபர் கல்லூரியில். பின்னாளில் அமெரிக்க சமோவாவில் பள்ளி விளையாட்டை வளர்க்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார். ஒரு வீரர் முன்னே போய், பின்னே வருபவர்களுக்கு வழிகாட்டும் சங்கிலி அன்றே தொடங்கிவிட்டது.

கறுப்பருக்கு மூடிய கதவு

இந்த வரலாற்றைக் கறுப்பின மக்களின் வரலாற்றிலிருந்து பிரித்துப் படிக்கக் கூடாது. 1960களில் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. வீட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியதால், டெக்சஸின் போமாண்ட் ஊரைச் சேர்ந்த பப்பா ஸ்மித் போன்றவர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் வடக்கே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அதே அணி ஹவாயிலிருந்தும் ஆள் எடுத்தது. ஹொனலூலுவின் ஃபாரிங்டன் பள்ளியிலிருந்து போன சமோவா இளைஞர் பாப் அபிசா தேசிய அளவில் சிறந்த வீரராகத் தேர்வானார். 1966 நவம்பரில் நோட்ரடாம் அணியோடு 10-10 என்று சமனில் முடிந்த அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தில், தெற்கின் கறுப்பினப் பிள்ளைகளும் ஹவாயின் தீவுப் பிள்ளைகளும் ஒரே சட்டையில் நின்றார்கள். தன் ஊரில் இடம் கிடைக்காததால் அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒரு பகுதி. தன் தீவில் அத்தகைய வாய்ப்பே குறைவாக இருந்ததால் வந்தவர்கள் இன்னொரு பகுதி.

யூட்டாவில் நிலைமை வேறு. கறுப்பின ஆண்களுக்கு மார்மன் சபை 1978 வரை குருத்துவப் பொறுப்பு தரவில்லை. 1969 அக்டோபரில், பிஒய்யூ அணியோடு மோதவிருந்த வயோமிங் பல்கலைக்கழக அணியின் 14 கறுப்பின வீரர்கள் இந்தப் பாகுபாட்டைக் கண்டித்துக் கறுப்புப் பட்டை அணிய அனுமதி கேட்கப் போனார்கள். கேட்கப் போனதற்கே பயிற்சியாளர் 14 பேரையும் அணியிலிருந்து நீக்கினார். அவர்கள் வரலாற்றில் 'பிளாக் 14' என்று அறியப்படுகிறார்கள்.

பாலினேசியர்களுக்கு அந்தக் குருத்துவத் தடை இல்லை. ஆகவே கறுப்பின மாணவர்கள் பிஒய்யூவை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான் அங்கே பாலினேசிய வீரர்களின் வருகையும் வளர்ந்தது. இதில் பாலினேசியர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரை மேல்படியிலும் இன்னொருவரைக் கீழ்ப்படியிலும் நிறுத்தி, இருவரும் சேர்ந்து கேள்வி கேட்க முடியாமல் செய்யும் ஏற்பாட்டைத்தான் நாம் பார்க்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் நமக்குப் புரியவைத்த படிநிலைச் சமத்துவமின்மை என்ற கருத்து இந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது.

மேற்குப் பகுதிக்கு வந்த பயிற்சியாளர்கள்

1965ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறியது. சபைத் தொடர்பும் குடும்பத் தொடர்பும் வழியாக டோங்கர்கள் யூட்டாவுக்கு அதிகம் வரத் தொடங்கினார்கள். டோங்கா அமெரிக்கக் காலனியாக இருந்ததே இல்லை. ஆகவே அங்கிருந்து வந்தவர்களுக்குச் சபைதான் பாலம். கட்டட வேலை, தோட்ட வேலை, விமான நிலைய வேலை, கிடங்கு வேலை என்று கிடைத்ததைச் செய்தார்கள். வாடகை குறைந்த மேற்குப் பகுதியில் வீடு எடுத்தார்கள். ஒரு அண்ணன் வந்தால் அடுத்து தம்பி, பிறகு மச்சான், பிறகு அம்மா.

டோங்காவின் தலைநகர் நுக்குவாலோஃபாவில் பிறந்த வை சிகாஹெமா பிஒய்யூவில் ஆடி, 1986ல் தொழில்முறைக் கால்பந்துக்குப் போன முதல் டோங்கர் ஆனார். 1990 முதல் 2002 வரை யூட்டா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ரான் மெக்பிரைட் பாலினேசியக் குடும்பங்களை வீடு வீடாகத் தேடிப் போவதில் பெயர் பெற்றவர். சபையின் பல்கலைக்கழகத்துக்குப் போட்டியாக அரசுப் பல்கலைக்கழகமும் அதே தெருக்களுக்கு வந்தது. அதன்பின் யூட்டா அணியின் முன்வரிசைகளில் டோங்கா, சமோவாப் பெயர்கள் இல்லாத ஆண்டே இல்லை என்றாகிவிட்டது.

வாசல் வரை வந்த வாய்ப்பு வகுப்பறை வாசலில் தடுக்கியதும் உண்டு. 1986 முதல் அமலான 'புரொபொசிஷன் 48' என்ற விதிப்படி, முதல் ஆண்டிலேயே ஆட வேண்டுமென்றால் எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் குறைந்தது 700 மதிப்பெண்ணும் பள்ளிப் பாடங்களில் குறிப்பிட்ட சராசரியும் வேண்டும். வசதி குறைந்த பள்ளிகளில் படித்தவர்களை, வீட்டில் வேறு மொழி பேசுபவர்களை இத்தகைய விதிகள் அதிகம் பாதித்தன. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாண்டுக் கல்லூரிகளே மாற்றுப் பாதை. டோங்காவில் பிறந்து யூட்டாவின் பிங்கம் பள்ளியில் ஆடிய ஸ்டார் லோட்டுலெலெய், நேராகப் பெரிய பல்கலைக்கழகத்தில் ஆடவில்லை. சிற்றூரில் உள்ள ஸ்நோ கல்லூரி வழியாகத்தான் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2013ல் தொழில்முறைத் தேர்வில் 14ஆவது ஆளாக எடுக்கப்பட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "வீட்டுக்கு அருகிலேயே படி, உன் மக்கள் முன்னால் ஆடு" என்பது யூட்டாப் பயிற்சியாளர்கள் சொல்லும் அழைப்பு. அம்மா ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வரலாம், ஞாயிற்றுக்கிழமை சபையில் குடும்பத்தோடு உட்காரலாம். கூட்டுக்குடும்பமும், பெரியவர்களுக்குச் செய்யும் சேவையும் வாழ்வின் மையமாக உள்ள மக்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அந்த "வீடு" எங்கே இருக்கிறது? அமெரிக்க சமோவாவில் நான்காண்டுப் படிப்போடு கால்பந்து ஆடும் பல்கலைக்கழகம் ஒன்றுகூடக் கிடையாது. பாகோ பாகோவிலிருந்து ஹொனலூலுவுக்கே 4,000 கிலோமீட்டருக்கு மேல். அங்குள்ள மலாயெய்மி கிராமத்தில் பிறந்த பெனெய் சூவலின் குடும்பம் 2012ல் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அவர் ஆரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2021ல் 7ஆவது ஆளாகத் தேர்வானார். ஹவாய் மாநிலத்தில் முதல் நிலைக் கால்பந்து ஆடும் பல்கலைக்கழகம் ஒன்றே ஒன்று. ஹொனலூலுவின் மார்கஸ் மரியோட்டா ஆரிகனுக்குப் போய், 2014ல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மனை வென்ற முதல் பாலினேசியர் ஆனார். துவா டகோவாயிலோவா அலபாமாவுக்குப் போனபோது குடும்பமே அலபாமாவுக்கு மாறியது.

அதாவது, பல்கலைக்கழகம் தீவு மக்களின் வீட்டுக்கு அருகில் போய் நிற்கவில்லை. வேலை, மதம், விளையாட்டு என்று ஒவ்வொன்றுக்காகவும் வீடுதான் பல்கலைக்கழகத்துக்கு அருகில் நகர்ந்து வந்திருக்கிறது. டெக்சஸின் யூலஸ் ஊரிலும் இதே கதைதான். 1970களில் டாலஸ் விமான நிலைய வேலைக்கு வந்த டோங்கர்களின் பிள்ளைகள் அங்குள்ள டிரினிட்டி பள்ளி அணியை 2005, 2007, 2009 ஆண்டுகளில் மாநில வெற்றியாளராக்கினார்கள்.

இதில் பாலினேசியர்கள் வெறும் பகடைக்காய்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிறுவர் அணிகளை நடத்தியது மாமாக்களும் சித்தப்பாக்களும். பயண நிதி திரட்டியது அம்மாக்களும் சபைப் பெண்களும். கிடைத்த பட்டத்தை வைத்து ஆசிரியராக, பயிற்சியாளராக, சமூகப் பணியாளராகத் தெருவுக்குத் திரும்பி வந்தவர்கள் ஏராளம். ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பது என்ன என்று நமக்குத் தெரியும். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

கைதட்டலும் குடியுரிமையும்

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கல்லூரியில் ஆடும் வீரர்களில் சுமார் 1.6 விழுக்காட்டினரே தொழில்முறைக்குப் போகிறார்கள் என்பது கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பின் மதிப்பீடு. 56 மடங்கு என்ற எண்ணைத் தொலைக்காட்சியில் கேட்ட பிள்ளைகளின் காதில் இந்த 1.6 விழுந்திருக்குமா?

உடலும் விலை கொடுக்கிறது. கலிபோர்னியாவின் ஓஷன்சைடு ஊரில் சமோவாப் பெற்றோருக்கு வளர்ந்த ஜூனியர் சேயாவ் 20 பருவங்கள் தொழில்முறைக் கால்பந்து ஆடினார். 2012 மே மாதம், 43 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சிடிஇ என்ற மூளைச் சிதைவு அவருக்கு இருந்ததை 2013 ஜனவரியில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வு காட்டியது.

திடலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் சமூகவியல் கேள்விதான். 1970ல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள், முடிவெடுக்கும் மைய இடங்களில் வெள்ளையரும் ஓரத்து இடங்களில் கறுப்பினத்தவரும் குவிவதைச் சுட்டிக்காட்டினார்கள். பாலினேசியர்கள் அதிகம் நிறுத்தப்பட்டது மோதும் முன்வரிசையில். 1970களிலேயே வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜாக் தாம்சன் என்ற சமோவர், அணியை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடி, 1979ல் 3ஆவது ஆளாகத் தேர்வாகியிருந்தார். இருந்தும் அந்த எண்ணம் மாற வெகுகாலம் ஆனது. தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி இன்னும் தாமதம். கென் நியூமடலோலோ கடற்படைக் கல்லூரி அணிக்குத் தலைமை ஏற்றது 2007 டிசம்பரில். டோங்காவில் பிறந்த கலானி சிடாகே பிஒய்யூவின் தலைமைப் பயிற்சியாளரானது 2015 டிசம்பரில். அனாயே பிஒய்யூவுக்குப் போய் அப்போது அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

திடலுக்கு வெளியே அதே உடல் வேறு மாதிரி பார்க்கப்பட்டது. சனிக்கிழமை போர்வீரன் என்று கொண்டாடப்பட்ட பெரிய உருவம், திங்கட்கிழமை தெருவில் சந்தேகத்துக்குரியதானது. 2010 டிசம்பரில் சால்ட் லேக் நகர வெஸ்ட் உயர்நிலைப் பள்ளியில், கும்பல் ஒழிப்பு என்ற பெயரில் காவல்துறை புகுந்து வெள்ளையரல்லாத மாணவர்களைப் பிடித்து விசாரித்தது. அது வழக்கானது. 2014 ஏப்ரலில், டோங்கர் கும்பல் ஒன்றைச் சேர்ந்தவர் என்று குற்றம் சாட்டப்பட்ட 25 வயது இளைஞர் ஒருவர், அந்நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பேனாவோடு சாட்சியை நோக்கிப் பாய்ந்தபோது மார்ஷலால் சுடப்பட்டு இறந்தார். அவர் செய்ததை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பல்கலைக்கழகம் வீரனைத் தேடிப்போன அதே தெருக்களுக்குக் காவல்துறை குற்றவாளியைத் தேடிப்போனது என்பதை மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறைப்பது குடியுரிமைக் கதை. அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்கள் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல, அமெரிக்க 'நேஷனல்' மட்டுமே. யூட்டாவில் வாழலாம், வரி கட்டலாம், ராணுவத்தில் சேரலாம். விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, தேர்வெழுதிக் குடிமகன் ஆகும்வரை வாக்களிக்க முடியாது. யூட்டாவில் வாழும் சமோவர்கள் சிலர் இதை எதிர்த்து 2018ல் வழக்குப் போட்டார்கள். ஃபிட்டிசெமானு வழக்கு என்று அதற்குப் பெயர். 2019 டிசம்பரில் யூட்டா மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார்கள். 2021ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அமெரிக்க சமோவா அரசே இந்த வழக்கை எதிர்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே நிலத்தின் பெரும்பகுதி குடும்பங்களின் பொதுச் சொத்து. முழுக் குடியுரிமை வந்தால் அந்த நில உரிமையும் மரபும் அமெரிக்கச் சட்டத்தால் சிதையும் என்ற அச்சம் அவர்களுக்கு. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை இழந்துதான் இன்னொன்றைப் பெற வேண்டும் என்ற நிலையில் ஒரு மக்களை நிறுத்தியிருக்கிறது காலனியம்.

1889ல் கனாக்கா நியனுக்குக் குடியுரிமையை மறுத்த அதே யூட்டாவில்தான் இது நடக்கிறது. யூட்டாவில் பிறந்த பேரன் குடிமகன், அவன் ஆட்டத்தை அரங்கத்தில் பார்க்கும் பாகோ பாகோவில் பிறந்த தாத்தா குடிமகன் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

சில மாற்றங்கள் வந்துள்ளன. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025ல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டால் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் பசிபிக் தீவுகளைப் பற்றிய ஆய்வுத் திட்டம் 2010களின் இறுதியில் உருவானது. வீரர்கள் வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவர்களுடைய வரலாறு வகுப்பறைக்கு வந்தது. 2024ல் யூட்டா மாநிலம் பன்மைத்துவ அலுவலகங்களுக்கு எதிரான சட்டத்தை அமல்படுத்தியது. ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்குத் துணை நின்ற மையங்களை அதே பல்கலைக்கழகம் மூடியது. வீரரைத் தேடி மேற்குப் பகுதிக்குப் போகும் கால்பந்துப் பயிற்சியாளர்களின் வேலையை அந்தச் சட்டம் தொடவில்லை.

இதை நாம் ஏன் படிக்க வேண்டும்? களப்பணியில் நான் சந்திக்கும் பிள்ளைகளில் பலர் கபடி, ஓட்டம், குத்துச்சண்டை வழியாகக் கல்லூரிக்கும் காவல்துறைக்கும் ரயில்வேக்கும் போக முயல்பவர்கள். போக வேண்டும், தடுப்பவர் யார்? ஆனால் "உங்க ஆளுங்களுக்கு உடம்பிலேயே இருக்குப்பா" என்று ஒருவர் தோளில் தட்டிக் கூப்பிடும்போது சில கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். காயம்பட்டு ஆட முடியாமல் போனால் இந்தக் கல்லூரி என் படிப்பைத் தொடர விடுமா? என்னைப்போல் வந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? பயிற்சியாளர், விடுதிக் காப்பாளர், பேராசிரியர், நிர்வாகக் குழு என்ற இடங்களில் எங்கள் மக்கள் எத்தனை பேர்? விளையாடாத என் தங்கையைத் தேடி நீங்கள் எப்போது வருவீர்கள்?

கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். கிளென்டேலிலும் வெஸ்ட் வேலியிலும் பல பத்தாண்டுகளாக அந்தக் கேள்விக்குப் பதில் காத்திருக்கிறது.